புகை எங்கே போகிறது?



புகை மேலேதான் போகும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். அடுப்பு மூட்டினால் மேலே போகிறது. ஊதுவத்தி ஏற்றினால் மேலே போகிறது. செம்பனை ஆலையின் புகைபோக்கியிலிருந்து வருவதும் மேலேதான் போகிறது. மேலே போனது பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கூரையைத் தாண்டிவிட்டால் அது வானத்தின் பாடு.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், புகை மேலதானே போவுது, அப்புறம் எப்படி நம்ம மூக்குக்குள்ள வரும்?" ஒரு வரியில் ஏதோ சொல்லி அவனை உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவனுடைய கேள்வி லேசான கேள்வியன்று. ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று இதற்குப் பதில் தேடாமல் இருந்து, ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. அந்த நகரம் லண்டன். ஆண்டு 1952. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

லண்டனுக்குப் போகுமுன் நமக்குத் தெரிந்த இடத்திலேயே தொடங்குவோம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பள்ளத்தில் இருக்கும் லயத்தில் யாராவது குப்பையைக் கொளுத்தினாலோ, விறகடுப்பு மூட்டினாலோ, அந்தப் புகை கொஞ்ச தூரம் எழும்பி, பிறகு ஏறாமல், துணி விரித்தாற்போல் கூரைகளுக்கு மேலே படுத்துக் கிடக்கும். வெயில் ஏறி எட்டு, எட்டரை மணி ஆனதும் அந்தத் துணி தானாகக் கலைந்து போகும். இதற்கு என்ன காரணம்?

பகலில் வெயிலால் நிலம் சூடாகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் சூடாகிறது. சூடான காற்று இலேசானது. ஆகவே மேலே எழுகிறது, புகையையும் கூட்டிக்கொண்டு போகிறது. இரவில் நிலைமை தலைகீழ். நிலம் குளிர்ந்துவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, பள்ளத்தில் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்றோ அதைவிடச் சூடாக இருக்கிறது. கீழேயிருந்து கிளம்பும் புகை, போகப்போக ஆறி, அந்தச் சூடான அடுக்கைத் தொட்டதும் மேலே ஏற வலுவில்லாமல் நின்றுவிடுகிறது. சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல. நமக்கு வெயில் பலமான வெயில். காலையிலேயே வந்து மூடியைத் திறந்துவிடுகிறது. வெயிலே இல்லாத ஓர் ஊரில், குளிர்காலத்தில், மூடி திறக்காமலே போனால்?

இனி, எரிகிற பொருளைப் பற்றிக் கொஞ்சம். நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் சதுப்பு நிலங்களில் விழுந்து புதைந்த மரஞ்செடிகள்தாம். மண்ணின் பாரமும் பூமியின் சூடும் சேர்ந்து அவற்றைக் கறுப்புக் கல்லாக்கிவிட்டன. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எரிவாயு ஆகியவையும் அவ்வாறே பழைய உயிர்களிலிருந்து வந்தவையே. நம் நாட்டிலும் நிலக்கரி தோண்டியிருக்கிறார்கள். சிலாங்கூரில் இருக்கும் பத்து ஆராங் என்ற ஊரின் பெயரே மலாய்மொழியில் நிலக்கரி என்று பொருள்படும். 1915-ஆம் ஆண்டு முதல் 1960-ஆம் ஆண்டு வரை அங்கே சுரங்கம் நடந்தது. சீனர்களும் நம்மவர்களும் பூமிக்கடியில் இறங்கி வெட்டிய கரிதான் அந்தக் காலத்து ரயில் வண்டிகளையும் ஈய வயல்களையும் ஓட்டியது.

நிலக்கரியில் கரி மட்டும் இருந்தால் தொல்லை பாதியாகக் குறைந்துவிடும். அதில் கந்தகமும் இருக்கிறது. பால் மரத்து இலைநோய்க்கு மஞ்சள் கந்தகத் தூள் அடித்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அதே கந்தகம்தான். அது எரிந்தால் கந்தக டை ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது. தீக்குச்சியைக் கிழித்தவுடன் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதே ஒரு காரம், அதில் இந்த வாயுவும் உண்டு. இந்த வாயு ஈரத்தோடு சேர்ந்தால் நாளடைவில் கந்தக அமிலமாகிறது. பால் உறைவதற்கு விலை மலிவு என்று சிறு தோட்டக்காரர்கள் சிலர் ஊற்றுகிற அமிலம் அதுதான். கையில் பட்டால் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கந்தகம் போக, சரியாக எரியாத கரித்தூள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூளை மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்திவிடும். சளியோடு வெளியே வந்துவிடும். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூள் இருக்கிறதே, அது நிற்பதில்லை. நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. அதிலும் மிகச் சிறியது இரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. ஆகவே கறுப்புப் புகையைக் கண்டு பயப்படுகிற நாம், கண்ணுக்குத் தெரியாத புகைக்குத்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும்.

லண்டன் நகரம் நிலக்கரியாலேயே வாழ்ந்த நகரம். 1306-ஆம் ஆண்டு வாக்கிலேயே அந்நாட்டு அரசர் முதலாம் எட்வர்ட் நிலக்கரி எரிப்பதைத் தடை செய்து பார்த்தார்; பலிக்கவில்லை. குளிர் தேசம் அல்லவா? காட்டு விறகு குறையக் குறைய, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அறையிலும் கரியடுப்பு வந்தது. வீடுகளோடு ஆலைகள், ரயில்கள், தேம்ஸ் ஆற்றங்கரை மின்சார நிலையங்கள் எல்லாம் சேர்ந்து நகரத்தின் நடுவிலேயே கரியை எரித்தன. குளிர்காலத்தில் மஞ்சள் நிற மூடுபனி இறங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. மக்கள் அதற்குப் பட்டாணிக் கஞ்சி என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார்கள். தொல்லைக்குச் செல்லப்பெயர் வைத்துவிட்டால் அது தொல்லையாகத் தெரிவதில்லை!

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. காற்று அடியோடு நின்றது. கடுங்குளிர். வீட்டுக்கு வீடு அடுப்பில் கூடுதலாகக் கரியை அள்ளிப் போட்டார்கள். நான் சொன்ன அந்த மூடி, நகரத்தின் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. டிசம்பர் மாதத்து லண்டன் சூரியன் தாழ்வாக வந்து சீக்கிரமே போய்விடும் சூரியன். பனியும் புகையும் அந்தச் சிறு வெயிலையும் மறைத்துவிட்டதால் மூடி திறக்கவே இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஐந்து நாள் கிடந்தது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 1,000 டன் புகைத்தூளும் 370 டன் கந்தக டை ஆக்சைடும் அந்த மூடிக்குக் கீழே சேர்ந்துகொண்டே போயின என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்.

தன் காலடி தனக்குத் தெரியாத இடங்களும் இருந்தன. பேருந்துக்கு முன்னால் நடத்துநர் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வழிகாட்டினார். பிறகு அதுவும் முடியாமல் பேருந்துகள் நின்றன. பூமிக்கடியில் ஓடும் ரயில்கள் மட்டும் ஓடின. நோயாளியைக் கொண்டுபோக வண்டி வராததால் நோயாளிகள் தாங்களாகவே தட்டுத்தடுமாறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புகை கட்டடங்களுக்குள்ளும் புகுந்தது. ஓர் இசை நாடக அரங்கில், மேடையில் நடப்பது தெரியாமல் முதல் அங்கத்தோடு நாடகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

மாடு வளர்ப்பவர்கள் நம்மிடையே இருப்பதால் இதையும் சொல்லுகிறேன். அந்த வாரத்தில் லண்டனில் ஒரு பெரிய கால்நடைக் கண்காட்சி. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பரிசுக்குரிய உயர்ந்த சாதி மாடுகளைக் கொண்டு வந்திருந்தார்கள். புகை இறங்கியதும் மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கத் தொடங்கின. கோணிப் பையை விஸ்கி மதுவில் நனைத்து மூக்கில் கட்டிக்கூடப் பார்த்தார்கள். பயனில்லை. சுமார் ஒரு டஜன் மாடுகள் செத்தன, அல்லது பிழைக்காது என்று வெட்டப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்த தொழுவத்து மாடுகள்தாம் அதிகமாகப் பாதிக்கப்பட்டன என்று கண்டார்கள். சாணமும் மூத்திரமும் கிடந்த இடத்து மாடுகள் அவ்வளவாகச் சாகவில்லை. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றிலிருந்த அமிலத்தைக் கொஞ்சம் முறித்துவிட்டது என்று அப்போது அதற்கு விளக்கம் கூறினார்கள். இதைக் கேட்டுவிட்டு மாட்டுக் கொட்டகையைக் கழுவாமல் விட்டுவிடாதீர்கள்!

மாடுகள் செத்தது மறுநாளே பத்திரிகைகளில் வந்துவிட்டது. மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தது அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை. இதுதான் இந்தக் கதையிலேயே என் மனத்தை அதிகம் உறுத்துவது. வெள்ளம் வந்தால் பிணம் மிதக்கும். தீப்பிடித்தால் கூக்குரல் கேட்கும். புகை அப்படிக் கொல்லுவதில்லை. ஒரு வீட்டில் நெடுநாளாக இருமிக்கொண்டிருந்த தாத்தா போய்விட்டார். வயதாகிவிட்டது, குளிர் தாங்கவில்லை என்று அந்த வீட்டார் அழுதுவிட்டு இருந்தார்கள். அடுத்த தெருவில் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. சளி கட்டிக்கொண்டது என்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. மரணச் சான்றிதழில் மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, இருதயநோய் என்று எழுதினார்கள். அத்தனை வீட்டுக்கும் காரணம் ஒன்றே என்று தெரிவதற்கு, எல்லா வீட்டுச் சாவையும் ஒரே இடத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சவப்பெட்டி செய்பவர்களிடம் பெட்டி தீர்ந்துவிட்டது. பூக்கடைகளில் பூ தீர்ந்துவிட்டது. அவர்களுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு பதிவேடுகளைப் பார்த்தார்கள். லண்டன் பெருநகரத்தில் டிசம்பர் 6-ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் பதிவான சாவுகள் 2,062. டிசம்பர் 13-ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் 4,703. இரண்டு மடங்குக்கும் மேல்! புகையின் அளவைக் காட்டும் கோட்டையும் சாவின் எண்ணிக்கையைக் காட்டும் கோட்டையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால், இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. சுமார் 4,000 பேர் இந்தப் புகையால் இறந்தார்கள் என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் அந்த எண்ணோடு கணக்கு முடிந்துவிடவில்லை. புகை கலைந்து இரண்டு மூன்று மாதங்கள் வரையிலும் சாவு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அது இன்புளுயன்சா காய்ச்சலால் வந்தது என்று அரசாங்க அறிக்கை ஒதுக்கிவிட்டது. 2001-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, இன்புளுயன்சா அந்தச் சாவுகளில் ஒரு சிறு பகுதியைத்தான் விளக்கும் என்று கண்டார்கள். உண்மையான எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. எட்டாயிரம் உயிர் அரை நூற்றாண்டுக் காலம் வேறு கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

அவ்வளவு மோசமான புகை அந்த ஆண்டில் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். வானிலை ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பெருங்கடன்பட்டிருந்தது. ஆகவே நல்ல நிலக்கரியை வெளிநாடுகளுக்கு விற்றது. சொந்த மக்களுக்கு வீட்டுக்கரி பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில்தான், தூளும் சிறு கட்டிகளும் கலந்த மட்டக்கரியை மட்டும் பங்கீடு இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அது எரிவதைவிடப் புகைவது அதிகம். ஏழை வீடுகள் அதைத்தான் வாங்கின. அதே ஆண்டுகளில், அதே கடனுக்காக, நம் தாத்தா பாட்டிமார் இங்கே இருட்டில் எழுந்து பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் குடியேற்ற நாடுகளிலேயே அதற்கு மிகுதியாக டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா. ரப்பரும் ஈயமும்தான் அந்த டாலர். நல்ல சரக்கு கப்பலேறுவதும், உழைத்தவன் வீட்டில் மட்டச் சரக்கு எரிவதும் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை லண்டன் தொழிலாளியின் அடுப்பு காட்டுகிறது.

அரசாங்கம் உடனே விழித்துக்கொண்டது என்று எண்ண வேண்டாம். பனி இயற்கை, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்கிற பாங்கில்தான் முதலில் இருந்தது. நாடாளுமன்றத்தில் சில உறுப்பினர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். 1953-ஆம் ஆண்டில் சர் ஹியூ பீவர் என்ற பொறியியலாளரின் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். (உலகச் சாதனைகளைத் தொகுக்கும் கின்னஸ் புத்தகத்துக்கு யோசனை சொன்னவரும் இவரே.) பீவர் குழு 1954-இல் அறிக்கை கொடுத்தது. ஜெரால்ட் நபாரோ என்ற உறுப்பினர் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்து நெருக்கினார். கடைசியில் 1956-ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தைப் படித்தவரையில், எனக்குப் பிடித்தது அதில் உள்ள தண்டனைகள் அல்ல. நகரத்தில் புகை இல்லாத வட்டாரங்களைக் குறித்து, அங்கே புகையாத எரிபொருளைத்தான் எரிக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் லட்சக்கணக்கான வீடுகளில் பழைய அடுப்பை இடித்துப் புது அடுப்பு வைக்க வேண்டும். ஏழை அதற்கு எங்கே போவான்? அந்தச் செலவில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் பொதுப்பணத்திலிருந்து தரவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இது இல்லாவிட்டால் சட்டம் ஏட்டோடு நின்றிருக்கும். இவ்வளவு செய்தும் சுரங்க ஊர்களில் எதிர்ப்பு இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு வீட்டுக்குக் கரியும் கொடுப்பது அங்கே வழக்கம். தோட்டத்தில் சும்மா கிடைத்த ரப்பர் விறகை விட்டுவிட்டு, காசு கொடுத்து எரிவாயு வாங்கச் சொன்னபோது நம் பாட்டிமார் முணுமுணுக்கவில்லையா? அதுபோலத்தான்.

ஆலைப் புகைக்கும் அளவு வைத்தார்கள். அளவு பார்க்கும் முறை மிக எளியது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை பூச்சியம் முதல் ஐந்து வரை எண் கொடுத்திருப்பார்கள். தூரத்தில் நின்று, அட்டையையும் புகைபோக்கியையும் ஒத்துப் பார்க்க வேண்டியதுதான். பிரெஞ்சு நாட்டு வேளாண்மைப் பேராசிரியர் ரிங்கெல்மான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த முறை இது. இரண்டாம் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடக் கறுப்பாகவோ இருந்தால் அது கரும்புகை என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. நம் நாட்டிலும் இந்த அட்டை புதிதன்று. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1978-இல் வந்த தூய காற்று விதிகளில் இதே அளவு இடம்பெற்றது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2014-இல் புதிய விதிகள் வந்தன.

ஆனால் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது புகையைத்தான் தடுத்தது; கண்ணுக்குத் தெரியாத கந்தக வாயுவைத் தடுக்கவில்லை. 1962-ஆம் ஆண்டு டிசம்பரில் மறுபடியும் லண்டனில் மூடி விழுந்தது. புகை குறைந்திருந்தும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கந்தக வாயுவுக்கு அவர்கள் கண்ட வைத்தியம் உயரமான புகைபோக்கி. மின்சார நிலையங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய், மூடிக்கும் மேலே போகிற அளவுக்கு உயரமாகப் புகைபோக்கி கட்டினார்கள். லண்டன் காற்று தெளிந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

என் மாணவனுடைய கேள்வி இங்கே திரும்பவும் எழுகிறது. மேலே போனது எங்கே போயிற்று? கடலைத் தாண்டி நார்வேக்கும் சுவீடனுக்கும் போயிற்று. அங்கே மழையில் கலந்து அமிலமாக இறங்கிற்று. ஏரிகளில் மீன் செத்தது. 1967-ஆம் ஆண்டில் ஸ்வான்டே ஓடென் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி, இந்த அமில மழை வெளிநாட்டுப் புகைபோக்கிகளிலிருந்து வருகிறது என்று எழுதியபோது பலர் நம்பவில்லை. பல ஆண்டு வாதாட்டத்துக்குப் பிறகு, 1979-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ஐரோப்பிய நாடுகளும் வட அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பிறகுதான் புகைபோக்கியை உயர்த்துவதை விட்டு, வாயுவைப் புகைபோக்கிக்குள்ளேயே கழுவி எடுக்கும் வேலை பரவலாகத் தொடங்கியது. சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தெளித்தால் கந்தகத்தை அது பிடித்துக்கொள்ளும். கடலோர நிலையங்கள் சிலவற்றில் கடல்நீராலேயே கழுவுகிறார்கள். கடல்நீரில் இயல்பாகவே கொஞ்சம் காரத்தன்மை உண்டு. புகைத்தூளை மின்சாரத் தகடுகளால் இழுத்துப் பிடிக்கும் கருவியும் இருக்கிறது. இவை எல்லாம் உள்ளனவே தவிர, மாயமந்திரம் அல்ல. கருவியைப் பழுதில்லாமல் ஓட்டினால்தான் பலன், ஓட்டுவதற்குச் செலவாகும். கரியமில வாயுவையோ இந்தக் கழுவல் தொடுவதே இல்லை. அது வானத்தில் சேர்ந்துகொண்டே போய் பூமியைச் சூடாக்குகிறது.

இதையெல்லாம் ஏதோ குளிர் தேசத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பத்து ஆராங் சுரங்கம் மூடினாலும் நம் நாடு நிலக்கரியை விடவில்லை. சிலாங்கூரில் காப்பார், பேராக்கில் மஞ்சோங், போர்ட்டிக்சன் அருகே ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின் என்று கடலோரமாக நிலக்கரி மின்நிலையங்கள் நிற்கின்றன. கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதிலிருந்துதான். லயத்து வீட்டில் விளக்கைப் போடும்போது எங்கோ ஒரு கடற்கரையில் கொஞ்சம் கரி எரிகிறது என்று பொருள். இனிப் புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்று 2021-ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது.

1997-இல் சரவாக்கிலும் 2013-இல் மூவாரிலும் புகைமூட்டத்தால் அவசர நிலை அறிவித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது நிலக்கரிப் புகையன்று. காடும் சதுப்பு நிலமும் எரிந்த புகை. என்றாலும் மூச்சுக்குள் போகும் நுண்தூள் எதிலிருந்து வந்தது என்று நுரையீரல் விசாரிப்பதில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்கிறார்களே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதில் 50 வரை நலம், 100 வரை மிதம், 100-ஐத் தாண்டினால் உடலுக்கு ஆகாது, 300-ஐத் தாண்டினால் ஆபத்து. நான் மேலே சொன்ன அந்த மிக நுண்ணிய தூளை இந்தக் கணக்கில் சேர்த்தது 2018-ஆம் ஆண்டில்தான். ஆகவே அதற்கு முந்திய எண்களையும் பிந்திய எண்களையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது.

பிரிட்டன் இப்போது மின்சாரத்துக்கு நிலக்கரியை எரிப்பதை அடியோடு நிறுத்திவிட்டது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. லண்டனில் முதல் நிலையம் 1882-இல் தொடங்கியது. 142 ஆண்டு ஓடியிருக்கிறது. ஆனால் கரி போன இடத்துக்கு டீசலும் பெட்ரோலும் வந்துவிட்டன. சாலையில் ஓடும் வண்டிகளின் புகையில் கறுப்பு குறைவு, கண்ணைக் கரிக்காது, பட்டாணிக் கஞ்சி என்று பெயர் வைக்கக்கூட ஒன்றும் தென்படாது. நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயுவும் நுண்தூளும் அதில் இருக்கின்றன.

லண்டனின் தென்கிழக்கில், வண்டி நெரிசல் மிகுந்த ஒரு பெருஞ்சாலைக்கு மிக அருகில் ஒரு சிறுமி வாழ்ந்தாள். அவளுக்குக் கடுமையான ஆஸ்துமா. மூன்று ஆண்டுகளுக்குள் முப்பது தடவைக்குக் கிட்டத்தட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்துபோனாள். முதல் விசாரணையில் மூச்சுத் திணறலால் இறந்தாள் என்று முடித்துவிட்டார்கள். அவளுடைய தாய் ரோசமண்ட் ஒரு பள்ளி ஆசிரியை. மகள் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களையும், வீட்டுக்கு அருகே காற்றை அளந்த கருவியின் பதிவுகளையும் ஒரு மருத்துவப் பேராசிரியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். 1952-இல் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் நகரம் முழுவதற்கும் செய்ததை இவர் ஒரே ஒரு குழந்தைக்குச் செய்தார். தாய் வழக்காடி, உயர்நீதிமன்றம் பழைய முடிவைத் தள்ளி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி மரண விசாரணை அதிகாரி தம் முடிவை வாசித்தார். அவளுடைய மரணச் சான்றிதழில் மூச்சுத் திணறல், கடும் ஆஸ்துமா என்ற இரண்டோடு மூன்றாவதாகக் காற்று மாசும் சேர்க்கப்பட்டது. பிரிட்டனில் அப்படி எழுதப்பட்ட முதல் சான்றிதழ் அது.